இடப்பக்கம் சுழலும் குறி

குன்சாங்குக்கு நான் பதினாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். கொடுக்க வக்கில்லாமல் அல்ல. பணம் என் இடுப்புப் பையிலேயே இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க அதை குவாலியருக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவந்தேன்.

நான் கடன் வைக்கிற ஆள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு வயதில் திபெத்திலிருந்து மலை தாண்டி வந்தேன். மணாலி ரோட்டில் கல் உடைத்தேன், நாளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். பள்ளிக்கூடம் போனது மொத்தம் மூன்று மாதம். இன்றைக்கு லூதியானாவில் ஸ்வெட்டர் மொத்தமாக விற்கிறவர்கள் கெலெக் என்ற பெயரைக் கேட்டால் முன்பணம் பேசாமல் மூட்டை கட்டுகிறார்கள். இமாச்சலத்தில் எங்கள் தோலாஞ்சி அகதி முகாமில் தகரக் கூரையைக் கழற்றிவிட்டு முதலில் கான்கிரீட் போட்டவன் நான்தான். எழுதப் படிக்க அறுபது வயதுக்குமேல் நானாகவே கற்றுக்கொண்டேன். இது நடந்தபோது எனக்கு எண்கள் தெரியும், என் பெயரை எழுதத் தெரியும், யுங்த்ருங் தெரியும். வேறொன்றும் தெரியாது.

நாங்கள் பொன்போக்கள். பௌத்தம் திபெத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறவர்கள். யுங்த்ருங் எங்கள் குறி. இந்துக்கள் கடை வாசலில் போடுகிற சுவஸ்திக் மாதிரியே அதற்கும் நாலு கை. ஆனால் எங்களுடையது இடப்பக்கமாகச் சுழலும். கோயிலை நாங்கள் சுற்றுவதும் இடப்பக்கமாகத்தான். ரோட்டு வேலையில் எங்களோடு இருந்த, வலமாகச் சுற்றுகிற பௌத்தர்கள், "தப்பாச் சுத்துற கூட்டம் வருது, வழி விடுங்கடா" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கைகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பது சின்ன விஷயமில்லை.

என் மனைவி தாவா புட்ரிக்குப் படிக்கத் தெரிந்ததும் அது ஒன்றுதான். மடத்து ஏட்டை வீட்டில் கொண்டுவந்து வைத்தால், நீளத் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். எங்காவது குறி வந்தால் நெற்றியில் ஒற்றிக்கொள்வாள். வராத தாள்களைப் பார்த்து, "இதுல எனக்கு ஒன்னும் எழுதல" என்பாள்.

அவள் செப்டம்பரில் போய்விட்டாள். பித்தப்பையில் கல் என்று சோலன் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம், ஒன்பது நாளில் முடிந்தது. எங்களில் செத்தவர் நாற்பத்தொன்பது நாள் வழி தெரியாமல் அலைவார். அதற்குள் ஏடு வாசித்து வழி சொல்ல வேண்டும். கடைசி நாளோடு கதவு மூடிவிடும். ஏட்டில் என்ன வாசித்தாலும் புட்ரிக்குப் புரியப் போவதில்லை, அவளுக்குத் தெரிந்த ஒன்று ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும் என்று நினைத்தேன். எண்பத்தாறு தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் யுங்த்ருங். நாற்பத்தொன்பது பிரதி அச்சடித்து, கடைசி நாளில் நாற்பத்தொன்பது துறவிகள் சேர்ந்து வாசிக்க வேண்டும். தோலாஞ்சியில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. அதையும் நினைத்தேன், மறைக்கவில்லை.

எங்கள் முகாமில் ஏடுகளைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறவள் குன்சாங். அப்போது முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவள் அப்பா மணாலி ரோட்டில் மண் சரிந்து போனார். அவரைத் தோண்டி எடுத்த ஆறு பேரில் நானும் ஒருவன். அம்மா பௌத்தக் குடும்பத்திலிருந்து வந்தவள், அவளும் சீக்கிரம் போய்விட்டாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு டேராடூனில் தட்டச்சு கற்றுக்கொண்டு திரும்பினாள் குன்சாங். மடம் ஒரு பக்கத்துக்கு எட்டு ரூபாய் கொடுக்கும். அதில்தான் வாடகை, மாவு, மண்ணெண்ணெய் எல்லாம். புட்ரி வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு நூடுல்ஸ் கஞ்சி கொடுத்தனுப்புவாள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். கை கழுவாமல் தட்டுப்பலகையைத் தொடமாட்டாள். காய்ந்த சீஸ் கட்டி ஒன்று கன்னத்தில் அடங்கியிருக்கும், மதியம் வரை அதுதான் சாப்பாடு. வேலை முடிந்ததும் பெட்டியின் திரைமேல் வெள்ளைப் பட்டுத் துண்டைப் போர்த்துவாள், தெய்வத்துக்குப் போடுகிற மாதிரி. பிழையாக வந்த தாளைக் கசக்கி எறிய மாட்டாள். ஏட்டு எழுத்து காலடியில் விழக்கூடாது. அதற்கென்றே ஒரு தகரப் பெட்டி, மூடி மூட முடியாத அளவுக்குப் பிழைகள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அக்கு-லா, தாள் எல்லாம் அடிச்சுத் தந்துடுவேன். குறிதான் இல்ல," என்றாள். எங்கள் ஊரில் அக்கு என்றால் சித்தப்பா, ஆமா என்றால் அம்மா; லா சேர்ப்பது மரியாதைக்கு.

"இல்லன்னா? என்ன இல்ல?"

"என்கிட்ட இருக்கிற கம்ப்யூட்டர் எழுத்து மொத்தமும் வெளிநாட்டு வாத்தியார் ஒருத்தர் செஞ்சு அனுப்பிச்சது. அதுல யுங்த்ருங் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கட்டம்தான் வருது. பாருங்க." திரையில் காட்டினாள். எழுத்துகளுக்கு நடுவே பல் விழுந்த மாதிரி ஒரு காலிக் கட்டம். "கடுதாசி போட்டுக் கேட்டேன். பதில் வந்துச்சு. அவங்க ஊர்ல அந்தக் குறியக் கொடியில போட்டுக்கிட்டு லட்சலட்சமா ஜனங்களக் கொன்னாங்களாம். அவரோட பெஞ்சாதியோட தாத்தா குடும்பமே போச்சாம். 'உங்களுது வேறன்னு எனக்குத் தெரியும், ஆனா என் கையால அத வரைய முடியல, மன்னிச்சுக்க'ன்னு எழுதியிருக்கார்."

மண்ணுக்குள்ளிருந்து ஆட்களை இழுத்துப் போட்டவன் நான். சாவு என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அவர் துக்கம் அவருக்கு. அதுக்காக என் புட்ரி வழி தெரியாம நிக்கணுமா?" என்றேன்.

"நான் அப்படிச் சொல்லல அக்கு-லா. நானே வரைஞ்சு உள்ள வைக்கிறேன். ஆமா-லாவோட தாயத்தக் கொடுங்க."

புட்ரியின் கழுத்தில் கிடந்த வெள்ளித் தாயத்தில் ஒரு யுங்த்ருங் உண்டு. அதை நூல் வைத்து அளந்தாள். நான்கு நாள் ஆயிற்று. புள்ளி புள்ளியாக வைத்து, அழித்து, மறுபடி வைத்து, அந்தக் காலிக் கட்டத்துக்குள் அதை உட்கார வைத்தாள். நடுவில் கரண்டு போய் ஒரு நாள் வேலை முழுக்க அழிந்தது. ஐந்தாம் நாள் தாளில் அடித்துக் காட்டினாள். தாயத்தை உருவி ஒட்டிய மாதிரி இருந்தது. நான் நெற்றியில் ஒற்றிக்கொண்டேன்.

"உனக்குக் கூலி எவ்வளவு?"

"ஆமா-லாவோட கஞ்சி குடிச்சவ நான். அச்சுக் கூலி மட்டும் குடுங்க."

தில்லி அச்சகத்தில் இருபதாயிரம் கேட்டார்கள். ஆறாயிரம் கையில் கொடுத்தேன். மீதியை ஸ்வெட்டர் சரக்கில் போட்டிருந்தேன், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றேன். நாளோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகாமின் உதவிச் சங்கத்தில் தன் பெயரில் பதினாலாயிரம் கடன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் நாலு மூட்டையோடு வந்து இறங்கினாள். பஸ்ஸில் மூட்டைகளைக் கீழே வைக்கக்கூடாது என்று இரண்டு சீட்டுக்குக் காசு கொடுத்து, மீதி இரண்டை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கட்டுப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கோயில் சுற்றுப்பாதையில், சாயங்காலம் சுற்ற வந்த முப்பது நாற்பது பேருக்கு முன்னால் நான் பிரித்தேன். பெருமையாகத்தான் பிரித்தேன்.

மஞ்சள் தாள், சிவப்பு ஓரம், நல்ல கருப்பு மை. முதல் தாளின் ஓரத்தில் குறி. வலப்பக்கம் சுழன்றுகொண்டிருந்தது.

இரண்டாம் தாளும் வலம். மூன்றாம் தாளும் வலம். அடியிலிருந்து ஒரு பிரதியை உருவினேன், அதுவும் வலம். நாலாயிரத்துக்கு மேல் குறிகள், அத்தனையும் திரும்பியிருந்தன. வழி கேட்டு நிற்கிறவளுக்கு நாலாயிரம் கைகள் எதிர்ப்பக்கம் காட்டுகின்றன.

குன்சாங் மண்டியிட்டு ஒவ்வொரு கட்டாகப் பிரித்தாள். "நான் சரியாத்தான் குடுத்தேன். அக்கு-லா, நீங்களே பாத்தீங்க, நான் சரியாத்தான் குடுத்தேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அப்ப தானா திரும்பிக்கிச்சா? காத்தடிச்சுத் திரும்பிக்கிச்சா?"

"அச்சாபீஸ்ல ஏதோ நடந்திருக்கு..."

"உங்கம்மா பொறந்த வீட்டுப் பக்கம் திருப்பிட்டியாடி?" என்றேன்.

சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு கிழவர் மட்டும், "டேய் கெலெக், வாய அடக்கு" என்றார். நான் அடக்கவில்லை. பதினாலாயிரத்தில் ஒரு பைசா தரமாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கி, மறுபடி கட்டி, என் காலடியில் வைக்காமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த மூட்டைகளை என்ன செய்வது? எரிக்கக்கூடாது, எறியக்கூடாது. உள்ளே எழுத்தெல்லாம் வேதம், ஓரத்தில் அவமானம். கட்டிலின் மேல் வைத்துவிட்டு நான் தரையில் படுத்தேன். நாலு நாள் சோறு இறங்கவில்லை. புட்ரி அந்தத் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பது போலவும், ஒன்றைக்கூட நெற்றியில் ஒற்றாதது போலவும் இருந்தது.

நாற்பத்தொன்பதாம் நாள் கெஷே லொதோ ஒருவரே வந்து வாசித்தார். மடத்தில் வாசிக்கத் தகுந்த பெரியவர் அவர். துணியில் சுற்றி ஒரு ஏடு கொண்டுவந்தார். மடத்துப் பழைய பிரதியாக இருக்கும் என்று நினைத்தேன். நான் ஏட்டின் பக்கம் திரும்பவே இல்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வாசித்து முடித்ததும், "தாளைப் பாக்கறியா கெலெக்?" என்று கேட்டார். "பாத்தது போதும் கெஷே-லா" என்றேன். அவர் ஏட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் குவாலியருக்கு ரயில் ஏறினேன். குளிர்காலத்தில் எங்களுக்கு அங்கேதான் பிழைப்பு. சங்கம் குன்சாங்கிடம் பணம் கேட்கும் என்று எனக்குத் தெரியும். சரக்குப் பணம் வந்து இடுப்புப் பையில் இருந்தது, தெரிந்துதான் ஏறினேன்.

குவாலியரில் என் கடைக்குப் பக்கத்தில் எள்ளு மிட்டாய் விற்கிறவன் ராம்சரண். பன்னிரண்டு வருஷப் பழக்கம். டீ வாங்கினால் எனக்கும் சேர்த்துத்தான் வாங்குவான். ஒவ்வொரு வருஷமும் நான் கடை போடுகிற அன்று தூண் தகரத்தில் சாக்கட்டியால் ஒரு யுங்த்ருங் போடுவேன். அந்த வருஷம் மனம் இல்லாமல் ஒரு மாதம் போடவே இல்லை. டிசம்பரில் ஒரு காலை, வியாபாரம் மந்தமாக இருக்கவே போட்டுவிட்டு, ரயில் பார்சல் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தூணில் குறி வலப்பக்கம் சுழல்கிறது.

"யாருடா இதத் தொட்டது?" என்று கத்தினேன்.

ராம்சரண் வாயெல்லாம் பல். "நான்தான் கெலெக் பாய். நீ பாட்டுக்கு உல்டாவாப் போட்டுட்டுப் போயிட்ட. வியாபாரத்துக்கு ஆகுமா? ஏற்கெனவே இந்த வருஷம் நீ ஈ ஓட்டிக்கிட்டிருக்க. குளிச்சிட்டுத்தான் தொட்டேன், கவலப்படாத. மத்த வருஷமெல்லாம் உன் ஸ்வெட்டர் மூட்டை மறைச்சிடும், இப்பத்தான் கண்ணுல பட்டுது."

அவன் முகத்தில் இருந்தது வெறும் அன்புதான். நான் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

தில்லி அச்சகத்தின் ரசீது என் பையில் இருந்தது. பணம் கொடுக்காததற்கு எனக்கு நானே காட்டிக்கொள்கிற சாட்சியாக அதை வைத்திருந்தேன். எண்கள் எனக்குத் தெரியுமே. டெலிபோன் பூத்தில் போய்ச் சுழற்றினேன். கிர்தாரி என்று ஒருத்தர் எடுத்தார். நீளத் தாள், மஞ்சள், மலைக்காரப் பெண் என்று அடையாளம் சொன்னேன்.

"ஆமா ஆமா, ஞாபகம் இருக்கு! தங்கமான பொண்ணு. அச்சாகிற ரெண்டு நாளும் வாசல்லயே உக்காந்திருந்துச்சு. உள்ள விட மாட்டோமில்ல. சாமி புஸ்தகம் நல்லா வந்துச்சா?"

"ஓரத்துல ஒரு குறி இருந்துச்சே..."

"அதச் சொல்றீங்களா! எங்க பையங்க அச்சுப் பிளேட் போட இருந்தாங்க, நான்தான் கடைசி நிமிஷத்துல பாத்தேன். சுவஸ்திக் எல்லாம் உல்டாவா இருந்துச்சு. உங்க எழுத்து நமக்கு என்ன தெரியும், அது ஒன்னுதான் தெரியும். செத்தவங்களுக்கான புஸ்தகம்னு வேற சொன்னுச்சு, அபசகுனமா ஆயிடக் கூடாதில்ல? எங்க மிஷின்ல இருக்கிற நல்ல சுவஸ்திக்க எடுத்து எல்லாத்துலயும் மாத்திட்டேன். அதுக்குத் தனியாக் காசு வாங்கல."

நான் போனை வைத்தேன். திட்டத்தான் சுழற்றியிருந்தேன், பூத்துக்காரனுக்குக் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த மனுஷனுக்கும் எங்கள் ஏட்டில் படிக்கத் தெரிந்தது புட்ரிக்குத் தெரிந்த அதே ஒன்றுதான்.

அன்றைக்கே ரயில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. சரக்கு தீரட்டும், வியாபாரம் கெடக்கூடாது என்று எனக்கு நானே சொன்னேன். இன்னும் இரண்டரை மாதம் குவாலியரில் இருந்தேன். உண்மை என்னவென்றால், நாற்பது பேருக்கு முன்னால் கத்தியதை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கல் உடைக்கத் தெரியும், கடை வைக்கத் தெரியும், அது தெரியாது. தினமும் காலையில் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்ப்பேன். பணம் இருக்கும்.

பிப்ரவரிக் கடைசியில் ஊர் திரும்பினேன். நேரே கெஷே லொதோவிடம் போய், நாலு மூட்டையையும் என்ன செய்வதென்று கேட்டேன். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து துணி சுற்றிய ஏட்டை எடுத்து என் முன்னால் பிரித்தார்.

மஞ்சள் தாள் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைத் தாளை நீளவாக்கில் வெட்டி ஒட்டியிருந்தது. ஓரத்தில் புட்ரியின் தாயத்து. இடப்பக்கம் சுழன்றது. அடுத்த தாளிலும் இடம். எண்பத்தாறிலும்.

"கடைசி நாள் நான் வாசிச்சது இதத்தான். நாற்பத்தஞ்சாம் நாள்லேர்ந்து அந்தப் பொண்ணு தன் சின்ன மிஷின்ல அடிச்சா. மை தீர்ந்து போய் சோலனுக்கு நடந்தே போய் வாங்கிட்டு வந்தா. ஒன்னு போதும் கெலெக். நாப்பத்தொம்போது உனக்கு, ஒன்னு புட்ரிக்கு."

"ஏன் கெஷே-லா அன்னிக்கே சொல்லல?"

"பாக்கறியான்னு கேட்டேனே."

குன்சாங்கின் அறைக்குப் போனேன். மேஜைமேல் வெள்ளைப் பட்டுத் துண்டு மடித்து வைத்திருந்தது. அடியில் பெட்டி இல்லை. அவள் ஒரு டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள்.

"கம்ப்யூட்டர் எங்க?"

"வித்துட்டேன். சங்கத்துக்குக் கட்டணுமே. அஞ்சாயிரத்துக்குத்தான் போச்சு. மீதிக்குத் தவணை கேட்டிருக்கேன். மடத்துலயும் வேலை குடுக்கறதில்ல, குறியத் திருப்பினவள்னு பேராயிடுச்சு. நாளைக்கு மணாலி போறேன், ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவ."

"நீ வரைஞ்ச குறி?"

"பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. வாங்கினவன் எல்லாத்தையும் அழிச்சிட்டுப் படம் பாக்கிறானாம்." துணியை மடித்தாள். "மறுபடியும் கட்டம்தான்."

நான் இடுப்புப் பையை அவிழ்த்தேன். தில்லிக்காரர் சொன்னதைச் சொன்னேன். என் மேல்தான் தப்பு என்றேன். அந்த வார்த்தையை என் வாழ்க்கையில் அதற்குமுன் சொன்ன ஞாபகம் எனக்கில்லை.

அவள் பணத்தைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"எங்க வச்சு இல்லன்னு சொன்னீங்க அக்கு-லா?"

எனக்குப் புரிந்தது. இரண்டு பேரும் மேடேறினோம். சாயங்காலம், சுற்றுப்பாதையில் கூட்டம் இருந்தது. அன்று வாயை அடக்கச் சொன்ன கிழவரும் இருந்தார். கோயில் வாசலுக்கு நேரே குன்சாங் நின்று வலது கையை விரித்து நீட்டினாள்.

"சத்தமா எண்ணுங்க," என்றாள். "கடைசிலே சுத்துறவங்களுக்கும் கேக்கணும்."

"இந்தப் பொண்ணு சரியாத்தான் குடுத்தா. தப்பாப் பேசினது நான்," என்றேன். சுற்றுகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளாக எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து எண்ண ஆரம்பித்தேன். பத்தில் என் குரல் உடைந்தது. "கேக்கல அக்கு-லா," என்றாள் அவள், கண்ணெல்லாம் தண்ணீர். பத்தை மறுபடி சொன்னேன். பதினெட்டோடு ஐந்நூறு தீர்ந்தது, நூறு ரூபாய்த் தாளை எடுத்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். விரித்த கையை அவள் மூடவே இல்லை. குவிந்த நோட்டுகள் சரியாமல் இடது கையையும் கீழே கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது என்று கடைசித் தாளையும் வைத்தேன்.